மீசையில் ஒட்டாத மண்

அன்புள்ள ஐயா,

நீங்கள் ஒரு பேச்சில் குறிப்பிட்டதால் மாண்டினீக்ரோ பாடகர் ராம்போ அமாடியுஸின் ‘ஹோச்செமோ குஸ்லே’ ஆல்பத்தைத் தேடிப் பிடித்துக் கேட்டேன். மொழி புரியவில்லை. பாடுகிறாரா, வம்புக்கு இழுக்கிறாரா என்றும் தெரியவில்லை. நாட்டுப்புறப் பாட்டைக் கிண்டலடிப்பது படித்தவரின் திமிர் இல்லையா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

திமிர் உண்டு. ஹாலிவுட் ராம்போவையும் மோட்ஸார்ட்டின் அமாடியுஸையும் ஒட்டவைத்துத் தனக்குப் பெயர் சூட்டிக்கொண்டவர் (இயற்பெயர் அந்தோனியே புஷிச், 1963இல் கோட்டோரில் பிறந்தவர்) அடக்கமாக இருப்பார் என்று எதிர்பார்க்க முடியுமா என்ன? ஆனால் அவர் கிண்டல் செய்வது நாட்டுப்புறத்தானை அல்ல. அந்தத் தலைப்பின் கதை தெரிந்தால் உங்களுக்கே புரியும்.

குஸ்லே என்பது ஒற்றைத் தந்தி வாத்தியம். வில்லால் இழுத்தபடி பழைய போர்க்கதைகளை, வரிக்குப் பத்து அசை என்று, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பாடுவார்கள். 1989 ஜனவரியில் டிட்டோகிராடில், அதாவது இன்றைய போட்கோரிட்சாவில், கூட்டம் திரண்டு, அப்போது யூகோஸ்லாவியாவுக்குள் ஒரு குடியரசாக இருந்த மாண்டினீக்ரோவின் தலைமையையே பதவி விலக வைத்தது. அந்தக் கொந்தளிப்பில் சிலர் ‘ஹோச்செமோ ரூஸே’, எங்களுக்கு ரஷ்யர்கள் வேண்டும், என்று கத்திவிட்டார்கள். 1948இல் ஸ்டாலினோடு முறித்துக்கொண்டு, அவர் பக்கம் நின்றவர்களை கோலி ஒடோக் தீவுச் சிறையில் அடைத்த நாடு யூகோஸ்லாவியா, அங்கே இது சாதாரணக் கோஷம் இல்லை. அப்புறம் கேட்டபோது ‘ஐயோ, குஸ்லே வேண்டும் என்றுதானே சொன்னோம்’ என்று சமாளித்தார்களாம். குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை! அந்தச் சமாளிப்பைத்தான் ராம்போ அதே ஆண்டில் ஆல்பத்தின் தலைப்பாக்கினார். மாட்டிக்கொண்டதும் ஓடிப்போய்ப் பாரம்பரியத்தின் பின்னால் ஒளிகிற வீராப்பு இருக்கிறதே, அதுதான் அவருக்கு இரை. அவரும் அந்த மண்ணின் ஆள்தான், அந்தக் கதைப்பாட்டுக்காரனின் கனத்த குரலைத் தானே எடுத்து ஃபங்க் தாளத்தில் உட்கார வைத்துவிடுகிறார்.

இன்னொன்று. ‘டர்போ ஃபோக்’ என்ற சொல் அவர் தன் பாட்டுக்கு விளையாட்டாக வைத்த பெயர். 90களில், அதிபர் மிலோஷேவிச் காலத்து செர்பியாவில், அவர் எதைப் பார்த்துச் சிரித்தாரோ அந்த மினுமினுப்பு நாட்டுப்புற டிஸ்கோவுக்கே அது உண்மையான பெயராகிவிட்டது. கேலிப்பெயரைக் கழுத்தில் பதக்கமாக மாட்டிக்கொண்டவர்களை என்ன செய்வது? அதை நான் கண்டுபிடிக்கவில்லை, பெயர் மட்டும்தான் வைத்தேன் என்று பின்னாளில் பாட்டிலேயே சொல்லிவிட்டார். டர்போ என்றால் சிலிண்டருக்குள் எரிபொருளை அழுத்தி ஏற்றும் அமைப்பு, ஃபோக் என்றால் மக்கள், ஆக இரண்டும் சேர்ந்தால் மக்களை எரிப்பது என்று இன்ஜினியர் தோரணையில் ஒரு விளக்கமும் கொடுத்தார். எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது இதுதான்.

2012இல் அஜர்பைஜானின் பாகுவில் நடந்த யூரோவிஷன் பாட்டுப் போட்டிக்குப் போய் அரையிறுதியிலேயே வெளியேறியது தனிக் கூத்து, மேடையில் மரக்கழுதை எல்லாம் உண்டு. அதை வைத்து அவரை எடைபோடாதீர்கள்.

மொழி தெரியாதவர் 1988இல் வந்த முதல் ஆல்பம் ‘ஓ துகோ யெசென்யா’வில் தொடங்குவது நல்லது. ‘ஓ, இலையுதிர்காலச் சோகமே’ என்று அர்த்தம். அந்தத் தலைப்பை மனதில் வைத்துக்கொண்டு அவர் குரலைக் கேளுங்கள், சிரிப்பு வராவிட்டால் மறுபடியும் எழுதுங்கள்.