உண்மையைத்தானே சொன்னேன்?

அன்புள்ள ஐயா,

என் தம்பி என் பேச்சைக் கேட்காமல் கடன் வாங்கித் தொழில் தொடங்கி, எல்லாவற்றையும் இழந்துவிட்டான். ஒருநாள் உறவினர்கள் முன்னால், "நீ எதற்கும் லாயக்கில்லாதவன்" என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து அவன் என்னோடு பேசுவதில்லை. கனிவாகப் பேச வேண்டும் என்று சபையில் கேட்கிறேன், சரி. ஆனால் இயேசுவே யூத மதத் தலைவர்களான பரிசேயரை "விரியன்பாம்புக் குட்டிகளே" என்றாரே! உண்மையைப் பூசி மெழுகினால் அது மாய்மாலம் இல்லையா? தப்பு செய்தவன் அவன். நான் ஏன் போக வேண்டும்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

நீங்கள் சொல்லும் வசனம் மத்தேயு 23:33. அப்படியே 37ஆம் வசனம்வரை வாசியுங்கள். கோழி தன் குஞ்சுகளைச் சிறகின்கீழ் சேர்ப்பதுபோல உன் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ள எத்தனையோ முறை விரும்பினேனே என்று எருசலேமைப் பார்த்து அதே வாய் புலம்புகிறது. அப்போஸ்தலன் பவுலும் அப்படித்தான். கலாத்தியா சபைகளுக்கு எழுதும்போது, "புத்தியில்லாத கலாத்தியரே" என்று திட்டிய அதே நிருபத்தில், உங்களுக்காக மறுபடியும் கர்ப்பவேதனைப்படுகிறேன் என்கிறார். தம்பியைத் திட்டிய அன்று உங்களுக்கு அந்த வேதனை இருந்ததா? எனக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும்.

அந்தக் கடுஞ்சொல் யார்மேல் விழுந்தது என்பதையும் பாருங்கள். மோசேயின் ஆசனத்தில், அதாவது நியாயப்பிரமாணத்தைப் போதிக்கும் இடத்தில், உட்கார்ந்துகொண்டு, சுமக்க முடியாத சுமைகளை அடுத்தவர் தோளில் ஏற்றியவர்கள்மேல். உங்கள் தம்பி ஏற்கெனவே சுமை சுமக்கிற ஆள்.

விழுந்தவனிடம் இயேசு எப்படிப் பேசினார் என்பதற்கு யோவான் 21 இருக்கிறது. சீடனான பேதுரு, இயேசுவைத் தெரியாது என்று மூன்று தரம் மறுதலித்தவன். அதுவும், மற்ற எல்லாரும் ஓடினாலும் நான் ஓடமாட்டேன் என்று சவால் விட்டபிறகு. "நான் அப்போதே சொன்னேனே" என்று சொல்லிக்காட்ட இயேசுவைவிட உரிமையுள்ளவர் யார்? அவர் மறுதலிப்பைப் பற்றி வாய் திறக்கவில்லை. "என்னை நேசிக்கிறாயா?" என்று மூன்று தரம் கேட்டார். மூன்றாம் தரம் பேதுரு துக்கப்பட்டான் என்று எழுதியிருக்கிறது. ஆக, உண்மை மறைக்கப்படவில்லை, வலிக்கவும் செய்தது. ஆனால் ஒவ்வொரு கேள்விக்குப் பின்னும் ஆடுகளை மேய்க்கும் பொறுப்பும் அவனுக்குக் கிடைத்தது. பூசி மெழுகாமலும் குத்தாமலும் பேச முடியும். நமக்குத்தான் அதற்குப் பொறுமை இருப்பதில்லை.

இன்னொன்று. நீங்கள் சொன்னது உண்மைதானா? தம்பி கடன் வாங்கினான், தொழில் நஷ்டமானது. இது உண்மை. "எதற்கும் லாயக்கில்லாதவன்" என்பது உண்மை இல்லை, கோபம் செய்த மிகைப்படுத்தல். "நீ எப்போதுமே இப்படித்தான்", "உனக்கு உருப்படும் எண்ணமே இல்லை" என்பதெல்லாமும் இந்த வகைதான். புண்படுத்தும் பேச்சைக் கொஞ்சம் உரசிப் பார்த்தால் பெரும்பாலும் உள்ளே ஒரு பொய் இருக்கும். கனிவாகப் பேச ஆரம்பித்தால், சொல்வதைச் சரியாகச் சொல்லும் பழக்கமும் வந்துவிடும் என்பது என் எண்ணம்.

ஏன் போக வேண்டும் என்கிறீர்கள். மத்தேயு 5:22 சகோதரனை "மூடனே" என்பதைக் கண்டிக்கிறது. அடுத்த இரண்டு வசனங்களில், உன்மேல் சகோதரனுக்குக் குறை உண்டென்று நினைவுவந்தால் காணிக்கையை வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகு என்று வருகிறது. அவன்மேல் உங்களுக்கு என்ன குறை என்று அங்கே கேட்கவில்லை.

போகும்போது "அன்று நான் சொன்னது தப்பு" என்று நிறுத்திவிடுங்கள். "ஆனால் நீயும்..." என்று தொடர்ந்தால் போனதே வீண். எல்லார் முன்னாலும் சொன்னீர்கள், அதை எல்லார் முன்னாலும் திரும்பப் பெறுவதுதான் நியாயம். கடனைப் பற்றித் தம்பியே கேட்டால் பேசலாம், அன்றைக்கே வேண்டாம். அவர் முகம்கொடுக்காமலும் போகலாம். எல்லாரோடும் சமாதானமாயிருக்கச் சொல்லும்போதும், "கூடுமானால் உங்களாலானமட்டும்" என்றுதான் ரோமர் 12:18 சொல்கிறது. அப்புறம் அவருக்கு வேண்டிய காலத்தை அவர் எடுத்துக்கொள்ளட்டும், அதற்காக மறுபடி கோபப்படாதீர்கள்.