எரிமலை வேண்டாம், மட்டி வாழைக்காய் போதும்: கண்காட்சிக் கேள்விகளுக்கு டீச்சர் பதில்

பள்ளிக்கூடங்களில் அறிவியல் கண்காட்சி நெருங்குகிறது. சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்காக வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில். 28 வருஷம் அறிவியல் எடுத்ததில் தெர்மோகோல் எரிமலை மட்டும் நூற்றுக்குக் குறையாமல் பார்த்திருப்பேன். அந்தக் கடுப்பு அங்கங்கே எட்டிப் பார்த்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாகர்கோவில், 4-ம் வகுப்புப் பிள்ளையின் அம்மா: டீச்சர், திங்கட்கிழமை புராஜெக்ட் கொண்டுபோகணுமாம். கடையில எரிமலை செட் ரெடியா கிடைக்குது. வாங்கட்டா?

வாங்காதீங்க. அப்பச்சோடாவில் வினிகர் விட்டால் கரியமில வாயு நுரைத்துக்கொண்டு வரும். நிஜ எரிமலை அப்படி வெடிப்பதில்லை. அதே இரண்டு சாமானையும் வைத்து உருப்படியாக ஒன்று செய்யலாம். மூன்று பாட்டிலிலும் 50 மில்லி வீதம் வினிகர் ஊற்றுங்கள். மூன்று பலூனுக்குள் அரை, ஒன்று, இரண்டு டீஸ்பூன் அப்பச்சோடா போட்டு, பாட்டில் வாயில் மாட்டிக் கவிழ்க்கட்டும். பலூனின் சுற்றளவைப் பிள்ளையே நூலால் அளக்கட்டும். ஒரு ஸ்பூனுக்கும் இரண்டு ஸ்பூனுக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. ஏனென்று பிள்ளை கேட்கும். வினிகர் தீர்ந்துபோச்சு, மிச்ச சோடா சும்மா கிடக்கு. இது ஒரு சாயங்கால வேலைதான்.

திருவட்டார், 3-ம் வகுப்புப் பையனின் அப்பா: நல்ல தலைப்பு எங்க தேடணும்?

தலைப்பைத் தேட வேண்டாம். பிள்ளை ஒரு வாரம் கேட்கிற ‘ஏன்’களை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். என் வகுப்பில் ஒருத்தி கேட்டாள்: “மட்டிக்காய் துவர்க்குது, பழம் மட்டும் இனிக்குதே, அதுக்குள்ள சீனி போட்டது யாரு?” அதையே புராஜெக்ட் ஆக்கினோம்.

ஒரே குலையிலிருந்து பச்சைக்காய், செங்காய், நன்றாகப் பழுத்தது என்று மூன்று எடுங்கள். மருந்துக்கடையில் புண்ணுக்குப் போடும் பழுப்பு நிற அயோடின் கரைசல் கிடைக்கும் (களிம்பு வேண்டாம்). அதில் தண்ணீர் கலந்து வெட்டின துண்டில் ஒரு சொட்டு விடுங்கள். காயில் கருநீலம் ஏறும். செங்காயில் திட்டுத் திட்டாக வரும். பழத்தில் மருந்தின் பழுப்பு நிறமே ஏறக்குறைய அப்படியே நிற்கும். காயில் இருந்த மாவுச்சத்துதான் பழுக்கும்போது சர்க்கரையாகிறது. போட்ட சீனி வெளியிலிருந்து வரவில்லை என்று தெரிந்தபோது அந்தப் பிள்ளையின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்!

இன்னும் நாலு நாள் இருந்தால் இதையே வளர்க்கலாம். ஒரு காகித உறையில் காய் மட்டும், இன்னொன்றில் காயோடு ஒரு பழுத்த பழம். பழத்திலிருந்து வரும் எத்திலீன் வாயு பக்கத்துக் காயையும் பழுக்க வைக்கும். தினமும் ஒரு காயை எடுத்துச் சொட்டு விட்டுப் பார்க்கலாம். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய பழம் நம்ம மட்டி, கண்காட்சி மேசையில் அதையும் எழுதி வைக்கலாம். மட்டி இல்லையா, ஏத்தன் வாழை போதும். ஒப்பிட மரச்சீனிக் கிழங்கும் (மரவள்ளி) வைக்கலாம். அவித்ததை வைப்பதானால் ஆறின பிறகு சொட்டு விடுங்கள், சூட்டில் நீலம் தெரியாது. மருந்து பட்ட துண்டை யாரும் தின்னக் கூடாது, ஆட்டுக்கும் போடாதீங்க.

குலசேகரம், பாட்டா: எங்களுக்கு கொஞ்சம் ரப்பர் உண்டு. எனக்க பேத்திக்கு அந்தப் பாலை வச்சு ஏதாவது?

தாராளமா. அன்றைக்கு வெட்டின, அம்மோனியா சேர்க்காத பால் எடுத்துக்கோங்க. மூன்று டம்ளரில் சம அளவு ஊற்றி, ஒன்றை அப்படியே விடுங்கள், ஒன்றில் ஒரு ஸ்பூன் தண்ணீர், ஒன்றில் ஒரு ஸ்பூன் வினிகர். வினிகர் விட்டதுதான் முதலில் திரளும். பாலில் மிதக்கும் ரப்பர் துகள்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு விலகி நிற்பவை. அமிலம் அந்தத் தள்ளலைக் கெடுத்துவிடுகிறது. சும்மா விட்ட டம்ளரும் பிறகு தானாக உறையும், அதில் பாக்டீரியா அமிலம் உண்டாக்கும். சிரட்டையில் ஒட்டுப்பால் (தானாக உறைந்து ஒட்டிக்கிடக்கும் ரப்பர்) எப்படி வருகிறது என்பதற்கும் பேத்திக்குப் பதில் கிடைத்துவிடும். ஷீட் அடிக்க வைத்திருக்கும் ஃபார்மிக் ஆசிட் பக்கம் மட்டும் பிள்ளையை விடாதீங்க, தோலைப் பொசுக்கும். பழைய உடுப்பு போட்டுவிடுங்க, பால்கறை போகாது.

குளச்சல், 5-ம் வகுப்புப் பையனின் அம்மா: மணவாளக்குறிச்சி கருமணலில் காந்தம் வச்சுக் காட்டலாம்னு அவன் ஒத்தக்கால்ல நிக்கிறான்.

ஆசை நல்லதுதான். ஆனால் அந்த மணலை டப்பாவில் அடைத்து வகுப்புக்குக் கொண்டுபோக வேண்டாம். இல்மனைட், கார்னெட் தாதுக்களோடு, கதிரியக்கமுள்ள தோரியம் அடங்கிய மோனசைட்டும் அதில் கலந்து கிடக்கிறது. தாதுமணல் அள்ளச் சட்டக் கட்டுப்பாடும் உண்டு. வீட்டு முற்றம், ரோட்டோரம், ஆற்றங்கரை மூன்றிலிருந்தும் ஒவ்வொரு ஸ்பூன் காய்ந்த மண் போதும். பழைய ஸ்பீக்கர் காந்தத்தை பிளாஸ்டிக் கவரில் போட்டு மண்ணுக்குள் இழுத்தால் கரும்பொடி ஒட்டும். எந்த மண்ணில் அதிகம் என்று ஒப்பிடட்டும். கவரில்லாமல் வைத்தால் காந்தத்தைச் சுரண்டியே பொழுது போய்விடும். சின்ன பட்டன் காந்தம் கூடவே கூடாது. பிள்ளைகள் இரண்டை விழுங்கிவிட்டால் குடலை நடுவில் வைத்து அவை ஒட்டிக்கொள்ளும், ஆபரேஷன் வரை போகும்.

ஆரல்வாய்மொழி, 2-ம் வகுப்பு: காற்றாலை மாடல் செய்து மோட்டார் வைக்கலாமா?

மோட்டார் வைத்துச் சுற்றவிட்டால் அது ஃபேன். முப்பந்தல் பக்கத்துக் காற்றாலைகளில் காற்றுதான் இறக்கையைச் சுற்றுகிறது. அட்டையில் 2, 3, 4 இதழ் வைத்து மூன்று காற்றாடி செய்யுங்கள். ஒரு இதழில் சிவப்புப் பொட்டு வைத்து, டேபிள் ஃபேன் முன்னால் ஒரே தூரத்தில் நிறுத்துங்கள். போனில் ஸ்லோமோஷனில் எடுத்து எண்ணட்டும்.

கன்னியாகுமரி, 5-ம் வகுப்பு மாணவி: நிழலே விழாத நாள் உண்டாமே, நிசமா?

நிசம்தான் மக்ளே. நம்ம மாவட்டத்தில் ஏப்ரல் 10, 11 வாக்கிலும் செப்டம்பர் 1, 2 வாக்கிலும் உச்சி வேளையில் சூரியன் நேர் தலைக்கு மேல் வரும். செங்குத்தாக ஒரு பாட்டிலை வைத்தால் நிழல் அதன் அடியிலேயே ஒளிந்துகொள்ளும். 12 மணிக்கே ஓடிவிடாதே, நமக்கு உச்சி வேளை 12.20 வாக்கில்தான். இந்திய நேரத்தைக் கணக்கிடும் கோடு 82.5 பாகை தீர்க்கரேகையில் இருக்கிறது, நாம் அதற்கு மேற்கே சுமார் 5 பாகை. ஒரு பாகைக்கு 4 நிமிஷம், நீயே பெருக்கிப் பார். மற்ற நாளில் மணிக்கொரு தரம் நிழலின் நுனியில் சுண்ணாம்புக்கட்டியால் குறி. நிழல் எப்போது ரொம்பக் குட்டையாகிறதோ அதுதான் உனக்கு உச்சி.

தக்கலை, 3-ம் வகுப்புப் பிள்ளையின் அம்மா: இருட்டில் வைத்த சிறுபயறுதான் வெளிச்சத்தில் வைத்ததைவிட உயரமாக வளர்ந்திருக்கு. தப்பாப் போச்சே, மாத்தி எழுதச் சொல்லட்டா?

ஐயோ, மாத்தாதீங்க! தப்பே இல்லை. வெளிச்சம் தேடி இருட்டில் தண்டு நீளும், வெளிறியும் இருக்கும். இலையின் நிறத்தையும் தண்டின் தடிமனையும் சேர்த்து எழுதச் சொல்லுங்க.

கருங்கல், அப்பா: நான் எவ்வளவு உதவி செய்யலாம்?

கத்தி, அடுப்பு, கரண்ட் மூன்றும் உங்கள் வேலை. அளப்பதும் எழுதுவதும் பிள்ளையுடையது. எழுத்துப்பிழையும் இருக்கட்டும், கையெழுத்தைப் பார்த்த உடனேயே எங்களுக்குத் தெரியும்.