தூத்துக்குடி – திப்ருகர்: வானத்தில் எவ்வளவு தூரம்?

கேள்வி: மகன் அசாமில் திப்ருகர் அருகே துலியாஜானில் வேலை பார்க்கிறான். தூத்துக்குடியிலிருந்து திப்ருகர் 2,740 கி.மீ., விமானத்தில் மூன்றே முக்கால் மணி நேரம் என்று ஓர் இணையதளம் காட்டுகிறது. டிக்கெட் பார்த்தால் பதினோரு மணி நேரம் வருகிறது. எது சரி? (வாசகர், கோவில்பட்டி)

பதில்: இரண்டுமே சரி. தூத்துக்குடி விமான நிலையம் இருக்கும் வாகைக்குளத்திலிருந்து திப்ருகரின் மோகன்பாரி நிலையம் வரை நேர்வழி தூரம் சுமார் 2,740 கி.மீ.தான். அதை ஜெட் விமானத்தின் 830 கி.மீ. வேகத்தால் வகுத்து, ஏறி இறங்க அரை மணி சேர்த்தால் மூன்றே முக்கால் மணி வரும். இணையதளம் அந்தக் கணக்கோடு நின்றுவிடுகிறது. அந்த வழியில் நேரடி விமானம் உண்டா என்று அது பார்ப்பதில்லை.

தூத்துக்குடி – சென்னை வழியில் பறப்பது பெரும்பாலும் ஏ.டி.ஆர். எனும் சிறிய புரொப்பல்லர் ரக விமானம். வேகம் மணிக்கு 500 கி.மீ. அளவு. ஆட்கள் நிறைந்திருந்தால் 1,500 கி.மீ.க்கு மேல் அதை நம்ப முடியாது. எனவே சென்னையில் ஒருமுறை, பிறகு பொதுவாகக் கொல்கத்தாவில் ஒருமுறை மாற வேண்டும்.

இதில் ஆச்சரியம் ஒன்று உண்டு. சென்னை வரை 530, அங்கிருந்து கொல்கத்தா 1,385, பிறகு திப்ருகர் 850. கூட்டினால் 2,765 கி.மீ. நேர்வழியைவிட 25 கி.மீ.தான் அதிகம்! இரண்டு ஊர்களும் ஏறக்குறைய அந்தக் கோட்டிலேயே இருக்கின்றன. பறக்கும் நேரம் ஒன்றரை, இரண்டே கால், ஒன்றரை என மொத்தம் ஐந்தே கால் மணி. மீதி முழுக்கக் காத்திருப்பு.

டெல்லி வழியாகக் காட்டும் டிக்கெட்டைத் தவிருங்கள். 4,050 கி.மீ. ஆகிவிடும், காத்திருப்பும் குறையாது.

மூன்று பயணத்தையும் ஒரே பி.என்.ஆரில் எடுங்கள். தனித்தனியாக எடுத்தால், முதல் விமானம் தாமதமாகி அடுத்தது தவறும்போது அந்தப் பணம் போனதுதான். பெட்டியையும் ஒவ்வோர் ஊரிலும் வெளியே எடுத்து மறுபடி போட வேண்டும். பெட்டி ஒப்படைப்பது பெரும்பாலும் புறப்பாட்டுக்கு 60 நிமிடம் முன்பே முடிந்துவிடும். சென்னையில் உள்நாட்டு விமானங்களுக்கே முதலாம், நான்காம் முனையங்கள் என இரண்டு இருப்பதால் டிக்கெட்டில் எது என்று பாருங்கள். தனி டிக்கெட் என்றால் குறைந்தது மூன்று மணி இடைவெளி விடுங்கள். டிசம்பர், ஜனவரியில் கொல்கத்தா காலை மூடுபனியால் விமானங்கள் தாமதமாகும். அந்த மாதங்களில் இன்னும் தாராளமாக விடலாம்.

கேள்வி: தூரத்தை நாமே கணக்கிட முடியுமா?

பதில்: முடியும். தூத்துக்குடி நிலையம் வடக்கு 8.72, கிழக்கு 78.03 பாகை. திப்ருகர் 27.48, 95.02. அட்சரேகை வித்தியாசம் 18.76, அதை 111ஆல் பெருக்கினால் 2,082. தீர்க்கரேகை வித்தியாசம் 16.99, அதை 111ஆலும், நடு அட்சரேகையான 18.1இன் கொசைன் மதிப்பு 0.95ஆலும் பெருக்கினால் 1,792. இரண்டின் வர்க்கங்களையும் கூட்டி வர்க்கமூலம் எடுங்கள்: 2,747. கொசைனை விட்டுவிட்டால் அறுபது கி.மீ.க்குக் குறையாமல் பிசகும், ஏனென்றால் வடக்கே போகப் போகத் தீர்க்கரேகைகள் நெருங்கி வருகின்றன. கடல் மைலில் வேண்டுமானால் 1.852ஆல் வகுத்துக்கொள்ளுங்கள்.