வீட்டுக்குள் செடி வளர்க்க எந்த எல்இடி சிப் சிக்கனம்?

கோவையிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "வெயில் எட்டாத அறை. 4 அடிக்கு 2 அடி ரேக்கில் லெட்யூஸும் பேசிலும் வளர்க்க லைட்டை நானே கட்டப் போகிறேன். கடையில் பிங்க் நிறத்தில் எரியும் 3 வாட் எல்இடி மலிவாகக் கிடைக்கிறது. சாம்சங் எல்எம்301எச் சிப் போட்ட போர்டு என்றால் விலை எங்கேயோ போகிறது. கரண்ட் பில் எகிறக்கூடாது. எதை வாங்கலாம்?"

பிங்க் எல்இடியை விட்டுவிடுங்கள், வெள்ளை மிட்-பவர் (ஒரு வாட்டுக்கும் குறைவாக ஓடும் சின்ன) சிப் போட்ட போர்டை வாங்குங்கள். ஆனால் எல்எம்301எச் என்ற பெயருக்காக மட்டும் காசைக் கொட்ட வேண்டாம். நல்ல சிப் எதுவானாலும் அதற்குள் எத்தனை மில்லியாம்பியர் அனுப்புகிறீர்கள், எவ்வளவு சூட்டில் வைத்திருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் உங்கள் பில் வரும்.

லூமன் கணக்கை முதலில் ஓரமாக வையுங்கள், அது நம் கண்ணுக்கான அளவு. செடிக்கு 400 முதல் 700 நானோமீட்டர் வரையிலான ஒளித்துகள்கள் எத்தனை வந்து விழுகின்றன என்பதுதான் கணக்கு. அதனால் ஒரு ஜூல் மின்சாரத்துக்கு எத்தனை மைக்ரோமோல் (ஒளித்துகள்களை எண்ணும் அலகு) ஒளி கிடைக்கிறது என்று பாருங்கள். சிக்கனமான விளக்குகளைப் பட்டியலிடும் அமெரிக்காவின் டிஎல்சி அமைப்பு, செடி விளக்குகளுக்கு 2023-ல் கொண்டுவந்த குறைந்தபட்ச அளவு ஜூலுக்கு 2.3 மைக்ரோமோல், அதுவும் டிரைவர் (எல்இடிக்கு மின்சாரம் மாற்றிக் கொடுக்கும் பெட்டி) இழப்பெல்லாம் போக. இந்த எண்ணைச் சொல்லாமல் "1000 வாட்டுக்குச் சமம்" என்று மட்டும் சொல்கிற விளம்பரத்தை நம்பாதீர்கள்.

எல்எம்301எச்-சின் டேட்டாஷீட்டில் 3.1 மைக்ரோமோல் என்று பார்த்திருப்பீர்கள். அந்த எண் 5000 கெல்வின் (வெள்ளை ஒளியின் சாயலைச் சொல்லும் எண்) சிப்புக்கு, 65 மில்லியாம்பியரில், 25 டிகிரியில் அளந்தது. அதே சிப்பை 200 மில்லியாம்பியர் வரை ஓட்டலாம் என்றும் அதில் போட்டிருக்கும், சிப் எண்ணிக்கையைக் குறைத்து விலையை இறக்க நினைப்பவர்கள் அந்த எல்லைக்குப் பக்கத்தில்தான் ஓட்டுவார்கள். மின்னோட்டத்தை மூன்று மடங்காக்கினால் வெளிச்சம் மூன்று மடங்காவதில்லை, வோல்டேஜும் கூடுகிறது, சூடும் ஏறுகிறது, ஆக மூன்று பக்கமும் நஷ்டம். அப்படி ஓடும் எல்எம்301எச் போர்டைவிட, அதிக எண்ணிக்கையில் சாம்சங்கின் மலிவான எல்எம்281பி பிளஸ் சிப் போட்டு நிதானமாக ஓட்டும் போர்டு சிக்கனமாக இருக்கலாம்; விலையும் குறைவு. உங்கள் பட்ஜெட்டுக்கு நான் இரண்டாவதைத்தான் சொல்வேன்.

சரி, உங்கள் ரேக்குக்கு வருவோம். 4 அடிக்கு 2 அடி என்பது சுமார் 0.74 சதுர மீட்டர். லெட்யூஸுக்கு சதுர மீட்டருக்கு நொடிக்கு 250 மைக்ரோமோல், நாளைக்கு 16 மணி நேரம் கொடுத்தால் நாளொன்றுக்கு 14.4 மோல் ஆகிறது, அது தாராளம். பேசில் கொஞ்சம் கூடுதலாகக் கேட்கும், அதை நடுவில் வையுங்கள். ஆக ரேக் முழுக்க இலை மேல் விழ வேண்டியது நொடிக்கு 185 மைக்ரோமோல். பக்கவாட்டில் சிதறிப் போவதையும் சேர்த்தால் விளக்கு சுமார் 218 கொடுக்க வேண்டும். மொத்த அமைப்பும் ஜூலுக்கு 2.5 மைக்ரோமோலில் ஓடினால் 87 வாட் போதும். 1.5-ல் ஓடினால் 145 வாட். இந்த 58 வாட் வித்தியாசம் நாளைக்கு 0.93 யூனிட், வருஷத்துக்கு 340 யூனிட் பக்கம். யூனிட் 8 ரூபாய் என்று வைத்தால் வருஷம் 2,700 ரூபாய், நல்ல போர்டுக்குக் கூடுதலாகக் கொடுத்த காசில் பெரும்பகுதி அதிலேயே திரும்பிவிடும். அந்த 58 வாட் முழுக்க அறைக்குள் சூடாகவே இறங்கும் என்பதையும் மறக்காதீர்கள், சித்திரை மாதத்தில் லெட்யூஸ் கசந்து பூ விடுவதற்கு அதுவும் ஒரு காரணமாகிவிடும்.

போர்டு வாங்கும்போது இப்படிக் கணக்குப் போடுங்கள். 144 சிப் போட்ட போர்டு, 16 சிப் சீரிஸில், அப்படி 9 வரிசை பேரலலில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படி இரண்டு போர்டு போட்டால் மொத்தம் 18 வரிசை. டிரைவர் 1.8 ஆம்பியர் கொடுத்தால் ஒவ்வொரு சிப்புக்கும் 100 மில்லியாம்பியர். ஒரு சிப்புக்கு 2.8 வோல்ட் என்றால் போர்டில் 45 வோல்ட், மொத்தம் 81 வாட், டிரைவர் இழப்பும் சேர்த்து 88. நமக்கு வேண்டியதும் கிட்டத்தட்ட இதுதான். ஒரே பெரிய போர்டைவிட இரண்டாகப் பிரித்துப் போட்டால் ரேக்கின் ஓரங்களுக்கும் வெளிச்சம் போகும்.

போலிகளும் நிறைய உலாவுகின்றன. கண்ணால் பார்த்துக் கண்டுபிடிப்பது கஷ்டம், மல்டிமீட்டர் ஓரளவு காட்டிக்கொடுக்கும். போர்டு எரியும்போது ஒரு சிப்பின் இரண்டு முனைக்கும் இடையே அளந்து பாருங்கள். எல்எம்301எச் என்றால் 65 மில்லியாம்பியரில் சுமார் 2.7 அல்லது 2.75 வோல்ட் காட்ட வேண்டும். அதே மின்னோட்டத்தில் 3 வோல்ட்டைத் தாண்டினால் ஏதோ சாதாரண சிப்பை ஒட்டியிருக்கிறார்கள். ஒன்று சொல்லிவிடுகிறேன், டிரைவர் இல்லாமல் நேரே 230 வோல்ட்டில் மாட்டும் போர்டில் இந்தச் சோதனையைச் செய்யவே கூடாது. அதில் மெயின் லைன் நேராக சிப் வரை வந்து நிற்கும், தண்ணீர் புழங்கும் செடி ரேக்கில் அந்த வகையை மாட்டுவதே ஆபத்து. வாங்கவே வாங்காதீர்கள். இன்புட்டும் அவுட்புட்டும் தனித்தனியாகப் பிரிக்கப்பட்ட, மின்னோட்டத்தை நிலையாகக் கொடுக்கும் டிரைவர் வாங்கி, ரேக்குக்கு வெளியே வையுங்கள். மீன்வெல் மாதிரி நல்ல டிரைவர்கள் 90 சதவீதத்துக்கு மேல் திறன் தரும்.

நிறம் பற்றி நிறையப் பேர் குழம்புகிறார்கள். பிங்க் எல்இடிக்குப் பின்னால் இருப்பது நீலமும் சிவப்பும் மட்டும் போதும் என்ற பழைய எண்ணம்; அது இலையின் பச்சையமான குளோரோஃபில் எந்த ஒளியை உறிஞ்சுகிறது என்ற வரைபடத்தை மட்டும் பார்த்து வந்தது. 1972-ல் தாவர ஆய்வாளர் மெக்ரீ முழு இலைகளை வைத்து அளந்து வெளியிட்ட வரைபடத்தில் பச்சை ஒளியும் ஒளிச்சேர்க்கைக்கு நன்றாகவே உதவுவது தெரிகிறது. வெள்ளை சிப் என்பது 450 நானோமீட்டர் பக்கத்து நீல எல்இடி மேல் பாஸ்பர் (நீலத்தின் ஒரு பகுதியை மற்ற நிறங்களாக மாற்றும் பொருள்) பூசியதுதான், எல்லா நிறமும் அதிலேயே வந்துவிடும். 3500 அல்லது 4000 கெல்வின், சிஆர்ஐ (நிறங்கள் எவ்வளவு இயல்பாகத் தெரியும் என்ற அளவு) 80 கேளுங்கள். சிஆர்ஐ 90 நம் கண்ணுக்கு அழகு, ஆனால் திறனில் அடி வாங்கும்.

கையில் காசு இருந்தால் 660 நானோமீட்டர் சிவப்பு சிப் கொஞ்சம் கலந்த போர்டு இன்னும் நல்லது. சிவப்பு ஒளித்துகளின் ஆற்றல் குறைவு. அதனால் 450 நீலத்தில் ஒரு ஜூலுக்கு அதிகபட்சம் 3.76 மைக்ரோமோல்தான் சாத்தியம் என்றால், 660-ல் அது 5.5 வரை போகலாம். 730 நானோமீட்டர் தூரச் சிவப்பு சிப் உங்களுக்குத் தேவையில்லை, அதிகமானால் செடி நீண்டு துவளும்.

சூட்டை விரட்ட அலுமினிய அடிப்பலகை கொண்ட போர்டாகவே வாங்குங்கள், பின்பக்கம் காற்று போக இடம் விட்டுத் தொங்கவிடுங்கள். அரை மணி நேரம் எரிந்த பிறகு போர்டின் பின்பக்கத்தில் விரலை வைத்துத் தாங்க முடியவில்லை என்றால் மின்னோட்டத்தைக் குறையுங்கள். டிம்மர் உள்ள டிரைவர் வாங்கச் சொல்வது அதற்காகவும்தான்.

மாட்டி முடித்த பிறகு அளக்க விலையுயர்ந்த மீட்டர் தேடி அலைய வேண்டாம். வெள்ளை எல்இடிக்கு லக்ஸை 65 முதல் 70 வரையிலான எண்ணால் வகுத்தால் மைக்ரோமோல் கணக்கு ஏறக்குறைய வந்துவிடும், சிவப்பு சிப் கலந்த போர்டுக்கு மட்டும் இது பொருந்தாது. சாதாரண லக்ஸ் மீட்டரை, அது இல்லாவிட்டால் போன் ஆப்பை, இலை மட்டத்தில் வைத்துப் பாருங்கள். 17,000 லக்ஸ் காட்டினால் 250-ஐ ஒட்டி இருக்கிறீர்கள். நடுவில் 20,000-க்கு மேலும் மூலையில் 10,000-மும் காட்டினால் போர்டுகளைக் கொஞ்சம் விலக்கி மாட்டி மறுபடி அளந்து பாருங்கள்.