மனம் நிலைக்காத செபம்

கேள்வி: ஆறு மாதமாக அதிகாலையில் ‘நமசிவாய’ என்னும் ஐந்தெழுத்தைச் செபிக்கிறேன். மனமோ வயல், கடன் என்று ஓடுகிறது. பொறுமை போய்விட்டது, விட்டுவிடலாமா? – வாசகர், கிளிநொச்சி

பதில்: விட்டுவிடாதீர்கள். மனம் ஓடுவதைக் கண்டுகொண்டதே நல்ல அடையாளம் என்று கருதுகிறேன். சரியை, கிரியை, யோகம், ஞானம் என்னும் நான்கு நெறிகளுள் சைவ சித்தாந்தம், உடலால் செய்யும் தொண்டாகிய சரியையையே முதலில் வைத்தது; உழவாரம் ஏந்திக் கோயில் வீதிகளில் புல் செதுக்கிய அப்பர் சுவாமிகள் அந்நெறிக்கு எடுத்துக்காட்டாகப் போற்றப்படுகிறார். ஆகவே, செபத்துக்கு முன் உங்கள் ஊர்க் கோயில் முற்றத்தைக் கூட்டி, எண்ணெய்ப் பிசுக்கேறிய விளக்கைப் புளியும் சாம்பலும் இட்டுத் துலக்கி, திரி திரித்து ஏற்றுங்கள். கை வேலையில் ஊன்றும்போது மனமும் மெல்ல அருகே வந்து அமரும். மாரிக்கால நெற்செய்கையான காலபோகத்துக்கு விதைத்த நீங்கள் மறுநாளே வரம்பில் நின்று கதிரைத் தேடுவதில்லையே! மந்திரத்தை 108 முறை உருச் செபிப்பது மலைப்பாக இருந்தால் 27 போதும். நாள் மட்டும் தவறவேண்டாம்.