பழ ஈக்குப் பாடக் கற்றுக்கொடுத்தது யார்?

கேள்வி: கனிந்த வாழைப்பழத்தை மொய்க்கும் குட்டி ஈக்களில் ஒன்று இன்னொன்றின் பின்னாலேயே அலைந்து, ஒரு இறக்கையை மட்டும் விரித்து ஆட்டுகிறது. இதெல்லாம் ஜீன் செய்யும் வேலையா? (வாசகி, கும்பகோணம்)

பதில்: நன்றாகக் கவனித்திருக்கிறீர்கள்! அது பழ ஈ. ஒற்றை இறக்கையை அதிரவைத்து ஆண் பாடுகிறது, பெண் அதைத் தன் உணர்கொம்பால் கேட்கிறது. பாட்டுக்கு முன் ஆண் முன்காலால் பெண்ணை லேசாகத் தட்டும், அந்தக் காலிலேயே சுவை அறியும் செல்கள் இருப்பதால் தொட்டவுடனே இது தன் இனமா, பெண்தானா என்று தெரிந்துகொள்ளும். முட்டையிலிருந்தே தனியாக வளர்த்த ஆண்கூட இதையெல்லாம் வரிசை மாறாமல் செய்யும், யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

1963-இல் குல்பீர் கில் என்ற ஆய்வாளர், ஆண்களையே துரத்தும் விசித்திரமான ஆண் ஈக்களைப் பற்றி எழுதினார். பழுதானது ஃப்ரூட்லெஸ் என்ற ஜீன். இது ஆண், பெண் இரண்டிடமும் உண்டு, ஆனால் அதிலிருந்து வரும் ஆர்.என்.ஏ.வை (ஜீனின் செய்தியைச் சுமக்கும் நகல்) இரண்டும் வேறு வேறு விதமாக வெட்டி ஒட்டுவதால் ஆணில் மட்டும் ஒரு தனிப் புரதம் உருவாகி, சுமார் 2,000 நியூரான்களில் (நரம்பு செல்களில்) வேலை செய்கிறது. 2005-இல் வியன்னாவில் எப்ரு டெமிர், பேரி டிக்சன் என்ற ஆய்வாளர்கள் பெண் ஈக்களிலும் அந்த ஆர்.என்.ஏ.வை ஆண் பாணியில் வெட்டவைத்தார்கள். அந்தப் பெண்கள் மற்ற பெண்களைத் துரத்தி, தட்டி, இறக்கையை விரித்தன! எனக்கு இன்றைக்கும் வியப்பு அடங்காத சோதனை இது.

அதற்காக ஜீனே நேராக ஈயை ஆட்டிவைக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். வளரும்போது நரம்புகளுக்கிடையே இணைப்புகளை அமைத்துத் தருவதுதான் அதன் வேலை, துரத்துவதா, பாடுவதா என்று அந்தந்த நேரத்தில் முடிவெடுப்பது நியூரான்கள். ஆணின் மூளையில் பி1 என்றொரு சிறு நியூரான் கூட்டம் இருக்கிறது, அதை மட்டும் தூண்டினால் பக்கத்தில் பெண்ணே இல்லாவிட்டாலும் ஆண் பாட ஆரம்பித்துவிடும். அனுபவமும் சும்மா இருப்பதில்லை. ஏற்கெனவே இணைசேர்ந்த பெண்ணிடம் திரும்பத் திரும்ப விரட்டு வாங்கிய ஆண், அப்புறம் கொஞ்ச நேரத்துக்கு வேறு பெண்ணிடமும் அவ்வளவாக முயல்வதில்லை.

கேள்வி: சரி, அந்தப் பெண் ஏன் விரட்டுகிறது? (அதே வாசகி)

பதில்: விந்துநீரோடு வரும் ஒரு சிறு புரதம், கருப்பைப் பக்கமுள்ள சில நியூரான்கள் வழியாக மூளைக்குச் சேதி அனுப்புகிறது. அதன்பின் ஏறக்குறைய ஒரு வாரத்துக்குப் பெண் எந்த ஆணையும் அண்டவிடாமல் உதைத்துத் தள்ளும், முட்டையிடுவதிலேயே குறியாக இருக்கும்.