யுஎஸ்பி வைஃபை அடாப்டரில் வேகம் 4 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டவில்லை, புதிதாக வாங்க வேண்டுமா?

கேட்டவர் சொன்னது சுருக்கமாக: இலங்கை மலைநாட்டில் ஹட்டன் பக்கம், தோட்டத்து லயத்தில் (ஒட்டி நிற்கும் வரிசை வீடுகளில்) வீடு. முன் காம்பரா (அறை) ஜன்னலில் சிம் போடும் 4ஜி ரவுட்டர். அங்கே ஃபோனில் 35 எம்பிபிஎஸ் வருகிறது. பின் காம்பராவில் பழைய டெஸ்க்டாப், விண்டோஸ் 10, பின்பக்க போர்ட்டில் '150' என்று பெட்டியில் போட்ட நகக்கண் அளவு யுஎஸ்பி அடாப்டர். அதில் 3, 4க்கு மேல் ஏறவில்லை.

முதலில் அந்த 4 எதில் என்று பாருங்கள். ஸ்பீட் டெஸ்ட் காட்டுவது மெகாபிட் (எம்பிபிஎஸ்). பிரவுசரில் ஃபைல் இறங்கும்போது காட்டுவது மெகாபைட் (எம்பி). 1 மெகாபைட் 8 மெகாபிட்டுக்குச் சமம். டவுன்லோட் பெட்டியில் 4 எம்பி ஓடினால் அது 32 எம்பிபிஎஸ், கணினியில் ஒரு கோளாறும் இல்லை. ஸ்பீட் டெஸ்ட்டிலேயே 4 என்றால் தொடர்ந்து படியுங்கள்.

புது அடாப்டர் இப்போதைக்கு வேண்டாம். ஒன்றரை மீட்டர் யுஎஸ்பி எக்ஸ்டென்ஷன் வயர் ஒன்று வாங்குங்கள். ஒரு முனை பென்ட்ரைவ் மாதிரியும் மறுமுனை போர்ட் மாதிரியும் இருக்கும் வயர். இந்தச் சிக்கலில் பாதிக்கு மேல் அதிலேயே தீரும் என்பது என் கணிப்பு.

ஏனென்றால், அந்தக் குட்டி அடாப்டருக்குள் ஆன்டெனா என்று இருப்பது சர்க்யூட் போர்டில் வளைத்துப் போட்ட செம்புக் கோடு மட்டும்தான். சிபியூவின் பின்னால் செருகினால் ஒரு பக்கம் முழு இரும்புப் பெட்டி, இன்னொரு பக்கம் மானிட்டர் வயர், பவர் வயர் எல்லாம் சேர்ந்த சிக்கு, அதற்கும் அப்பால் சுவர். பழைய லயத்துச் சுவர் கருங்கல் என்றால் சிக்னல் அதற்குள் புகுந்து வருவது கஷ்டம். பெரும்பாலும் கதவு வழியாகவும், தகரக் கூரையில் பட்டுத் தெறித்தும்தான் வருகிறது. ஆகவே அடாப்டரை எக்ஸ்டென்ஷனில் மாட்டி, இரண்டு காம்பராவுக்கும் நடுவிலுள்ள கதவு நிலைக்கு நேராக, மேசைக்கு மேலே நிற்கும்படி வையுங்கள்.

வைத்ததோடு விட்டுவிடக் கூடாது. அடாப்டர் ஓடும் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபை அலையின் நீளம் கிட்டத்தட்ட 12.5 சென்டிமீட்டர். சுவரிலும் தகரத்திலும் தெறித்த அலைகள் ஒன்றோடொன்று மோதி, சில இடங்களில் ஒன்றையொன்று அடித்துப்போடும். அப்படிப்பட்ட செத்த இடத்திலிருந்து நாலு விரல் அகலம் நகர்த்தினாலே நிலைமை மாறும். கன்ட்ரோல் பேனலில் நெட்வொர்க் அண்ட் ஷேரிங் சென்டரைத் திறந்து, உங்கள் வைஃபை பெயரைத் தட்டினால் ஸ்டேட்டஸ் பெட்டி வரும். அதில் 'ஸ்பீட்' என்ற எண்ணைப் பார்த்துக்கொண்டே அடாப்டரை நாலு விரல், நாலு விரலாக நகர்த்துங்கள். அந்த நேரம் ஒரு வீடியோவை ஓடவிடுங்கள், சும்மா இருக்கும்போது அந்த எண் தானாகவே இறங்கிவிடும். நல்ல இடம் கிடைத்ததும் டேப் போட்டு ஒட்டிவிடுங்கள்.

அந்த எண்ணைப் படிக்கத் தெரிந்தால் கோளாறு எங்கே என்று அதுவே சொல்லும். அது இணைய வேகம் இல்லை, அடாப்டரும் ரவுட்டரும் தமக்குள் பேசிக்கொள்ளும் வேகம். கைக்கு வருவது அதில் ஏறக்குறைய பாதி.

65 அல்லது 72 காட்டினால் நல்ல நிலைமை. ஒரே ஆன்டெனா உள்ள 802.11என் (வைஃபையின் ஒரு தலைமுறை) அடாப்டர் 20 மெகாஹெர்ட்ஸ் அகலச் சேனலில் தரக்கூடிய உச்சமே 72தான். அதில் 35, 40 எம்பிபிஎஸ் எடுக்கலாம், உங்கள் இணைப்புக்கு அது போதும். பெட்டியில் போட்ட 150 வர வேண்டுமென்றால் சேனல் அகலம் 40 ஆக வேண்டும். பத்துப் பன்னிரண்டு வீடு ஒட்டி நிற்கும் லயத்தில், வீட்டுக்கு ஒரு ரவுட்டர் இருக்கும்போது 40 வைப்பது அடுத்த வீட்டுச் சத்தத்தையும் சேர்த்து வாங்கிக்கொள்வது மாதிரி. 20லேயே விடுங்கள்.

சரியாக 54இல் நின்று, எங்கே நகர்த்தினாலும் அதற்குமேல் போகவில்லை என்றால் குற்றவாளி ரவுட்டர் செட்டிங். பாதுகாப்பு வகை டபிள்யூஇபி அல்லது டிகேஐபி என்று இருந்தால் 802.11என் வகை வேகமே திறக்காது. டபிள்யூபிஏ2, ஏஇஎஸ் என்று மாற்றுங்கள். அதே பக்கத்தில் சேனலையும் 'ஆட்டோ'விலிருந்து எடுத்து 1, 6, 11 மூன்றில் கூட்டம் குறைந்ததில் வையுங்கள். எதில் கூட்டம் குறைவு என்பதை ஆண்ட்ராய்டு ஃபோனில் வைஃபை அனலைசர் வகை ஆப் ஒன்று போட்டுப் பார்க்கலாம். இடையிலுள்ள 3, 8 போன்றவை வேண்டாம், இரண்டு பக்கத்துச் சேனலோடும் உரசும்.

1க்கும் 20க்கும் இடையில் குதித்துக்கொண்டே இருந்தால் சிக்னல் பலவீனம். மேலே சொன்ன எக்ஸ்டென்ஷன் வேலைதான் மருந்து. ரவுட்டரைப் பின் காம்பராவுக்குத் தூக்கி வர நினைக்காதீர்கள். பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் உள்ள டவரைப் பார்த்து ஜன்னலில் நிற்பதால்தான் அதற்கு 35 கிடைக்கிறது. உள்ளே கொண்டுவந்தால் வைஃபை நன்றாக இருக்கும், வைஃபையில் வர நெட் இருக்காது.

நிறையப் பேர் தவறவிடுவது அடுத்தது. எண் 72 என்று நிற்கிறது, ஆனால் ஸ்பீட் டெஸ்ட் எப்போதும் 8, 9க்குக் கீழேயே படுத்துக் கிடக்கிறது. அடாப்டர் யுஎஸ்பி 2.0இல் ஓடாமல் பழைய 12 எம்பிபிஎஸ் வேகத்துக்கு இறங்கி ஓடினால் இப்படித்தான் இருக்கும். யுஎஸ்பி 2.0 என்றால் 480. மட்டமான எக்ஸ்டென்ஷன், தளர்ந்த முன்பக்க போர்ட், துருப்பிடித்த தொடுமுனை, இவற்றில் ஒன்றால் அது 12க்கு விழும். 'இந்தக் கருவி இதைவிட வேகமாக இயங்கும்' என்ற பொருளில் விண்டோஸ் மூலையில் ஒரு அறிவிப்புக் காட்டியிருக்கலாம், நாம்தான் மூடிவிட்டிருப்போம். சிபியூவின் முன்பக்க போர்ட்டுகள் உள்ளே மெல்லிய வயரில் மதர்போர்டுக்குப் போகின்றன. எக்ஸ்டென்ஷனைப் பின்பக்க போர்ட்டிலேயே மாட்டுங்கள். ஒரு போர்ட்டைப் பலவாக்கும் ஹப், பவர் அடாப்டர் இல்லாததாக இருந்தால் அதுவும் வேண்டாம்.

மலைநாட்டில் துருவைத் தனியாகச் சொல்ல வேண்டும். பனி மூடினால் வைஃபை குறைகிறது என்று பலர் நம்புகிறார்கள். ஒரு வீட்டுக்குள் சில மீட்டர் தூரத்தில் மூடுபனி விழுங்கும் சிக்னல் கணக்கில் எடுக்க முடியாத அளவு சொற்பம். கெடுப்பது ஈரம், மெதுவாக. அடாப்டரைக் கழற்றி, யுஎஸ்பி முனைக்குள் தெரியும் நான்கு தகட்டுக் கோடுகளை டார்ச் அடித்துப் பாருங்கள். மங்கலாக, கறுத்து, ஓரத்தில் பச்சை படிந்திருந்தால் ஐசோபுரோப்பைல் அல்ககோல் தொட்ட காதுக்குச்சியால் மெதுவாகத் துடைத்து, பத்து நிமிடம் காயவிட்டுச் செருகுங்கள். பிளேடால் சுரண்டாதீர்கள், மேல்பூச்சு போய்விட்டால் அடுத்த மழைக்காலத்திலேயே திரும்பத் துருப்பிடிக்கும்.

டிரைவர் பக்கம் இரண்டு வேலைதான். டிவைஸ் மேனேஜரில் அடாப்டரை வலது கிளிக் செய்து ப்ராப்பர்டீஸ், பவர் மேனேஜ்மென்ட்டில், மின்சாரம் மிச்சம் பிடிக்கக் கருவியை அணைக்க அனுமதிக்கும் டிக்கை எடுத்துவிடுங்கள். பிறகு டீட்டெய்ல்ஸில் ஹார்ட்வேர் ஐடி பாருங்கள். விஐடி என்ற எழுத்துக்குப் பின்னால் 0பிடிஏ இருந்தால் சிப் ரியல்டெக், 148எஃப் இருந்தால் ராலிங்க். மேலே ஒட்டிய பிராண்ட் எதுவானாலும் டிரைவரை அந்தச் சிப்பின் பெயரை வைத்தே தேட வேண்டும். விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகுதான் வேகம் குறைந்தது என்றால் அதே பெட்டியில் 'ரோல் பேக் டிரைவர்' இருக்கிறது. நீல நிற யுஎஸ்பி 3.0 போர்ட்டில் வெளி ஹார்ட் டிஸ்க் மாட்டியிருந்தால் அதைக் கழற்றிவிட்டு ஒரு தடவை சோதியுங்கள். யுஎஸ்பி 3.0 ஓடும்போது 2.4 ஜிகாஹெர்ட்ஸில் இரைச்சல் கிளப்பும், அடாப்டர் பக்கத்து போர்ட்டில் இருந்தால் நேராகக் காதுக்குள் கத்துவது போல.

ஃபோனோடு ஒப்பிட்டதும் நியாயமான ஒப்பீடு இல்லை. ஃபோன் ரவுட்டர் பக்கத்தில் நின்றது, அதுவும் அநேகமாக வைஃபையின் இன்னொரு அலைவரிசையான 5 ஜிகாஹெர்ட்ஸில். ஃபோனைப் பின் காம்பராவுக்குக் கொண்டுவந்து, டேட்டாவை அணைத்து, வைஃபையோடு இணைத்து, யுஎஸ்பி வயரால் கணினியில் மாட்டி, யுஎஸ்பி டெதரிங்கைப் போடுங்கள். ஆண்ட்ராய்டில் ஃபோனே வைஃபை அடாப்டராகிவிடும். அதில் 25, 30 வந்தால் கணினி நல்லது, அடாப்டர்தான் சோடை. அதிலும் 4தான் என்றால் அந்தக் காம்பராவுக்கு வைஃபையே வரவில்லை, எந்த அடாப்டர் வாங்கியும் பயனில்லை. ஓய்ந்த பழைய ஃபோன் ஒன்று வீட்டில் கிடந்தால் இப்படியே நிரந்தரமாக விட்டாலும் தப்பில்லை.

அடாப்டர்தான் சோடை என்று தெரிந்தால் மட்டும் வாங்குங்கள். பெட்டியில் ஏசி600 அல்லது ஏசி1200 என்று இருக்கட்டும், வெளியே தடி ஆன்டெனா உள்ளதாக இருக்கட்டும், நகக்கண் சைஸ் மறுபடியும் வேண்டாம். 600 என்பது 2.4இன் 150ஐயும் 5இன் 433ஐயும் கூட்டிப் போட்ட விளம்பரக் கணக்கு, ஒரு நேரத்தில் ஒன்றுதான் ஓடும். 5 ஜிகாஹெர்ட்ஸ் கருங்கல்லைக் கண்டால் இன்னும் சீக்கிரம் சுருண்டுவிடும், ஆகவே கதவுக்கு நேராக வைக்க முடியாவிட்டால் அதிலும் 2.4லேயே ஓட்டுங்கள்.

ரவுட்டரின் பின்னால் லேன் ஓட்டை இருந்தால் இதெல்லாம் ஒன்றுமே தேவையில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 15 மீட்டர் கேட்5இ நெட்வொர்க் வயரைச் சுவருக்கும் தகரத்துக்கும் இடையிலுள்ள சந்து வழியாக உள்ளேயே இழுத்துவிட்டால் 35 அப்படியே வந்து சேரும். வெளிச்சுவர் வழியாக மட்டும் இழுக்க வேண்டாம், இடி மின்னல் மாதங்களில் அது மதர்போர்டையும் சேர்த்துக் கொண்டுபோகும்.